திரையை அணைத்த பிறகு குழந்தையின் கையில் என்ன கொடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு பிள்ளைகள் திரை பார்ப்பது பற்றி நாளிதழில் எது வந்தாலும் நான் விடாமல் படிக்கிறேன். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கிட்டத்தட்ட மனப்பாடம். ஒன்றரை வயது வரை திரையே கூடாது. தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களோடு முகம் பார்த்துப் பேசுவது மட்டும் விதிவிலக்கு. ஒன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரை, பள்ளியில் பார்ப்பது போக, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கூடாது. தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து கூடாது. யாரும் பார்க்காமல் தொலைக்காட்சி சும்மா ஓடிக்கொண்டிருப்பதும் கூடாது. எல்லாம் நல்ல சொற்கள். நான் முழு மனதோடு ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் எங்கள் புளோக்கின் கீழே மாலையில் கூடும் தாத்தா பாட்டிகள் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "வேண்டாம்னு சொல்லிட்டாங்க, சரி. பிள்ளை காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்ன பண்ணும்?" நியாயமான கேள்வி. மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு வீட்டில் பிள்ளையோடு இருப்பது நாங்கள்தான். கைப்பேசியை ஒளித்து வைத்தால் மட்டும் பொழுது போய்விடாது. அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சொல்ல முடியும்: எண்ணுவதும், ஜோடி சேர்ப்பதும். இவை இரண்டும் பிள்ளைக்குக் கை வழியாகத்தான் வருகின்றன. அதற்கு வேண்டிய பொருள் எல்லாம் ஏற்கெனவே நம் அடுப்படியிலும் செருப்பு அலமாரியிலும் இருக்கிறது. பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

எனக்கு எண்ணுவதுதான் பிழைப்பாக இருந்தது. 1970களில் துறைமுகத்தில் டேலி கிளார்க்காகச் சேர்ந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பது என் வேலை. தஞ்சோங் பகாரில் 1972லேயே கொள்கலன் முனையம் வந்துவிட்டது என்றாலும், மூட்டையும் பெட்டியுமாக இறங்கும் சரக்கு அதற்குப் பிறகும் நிறைய ஆண்டுகள் இருந்தது. நான்கு கோடு கிழித்து, ஐந்தாவதைக் குறுக்கே போடுவோம். எனக்கு முந்தைய தலைமுறை ஆட்களிடமிருந்து கேட்ட கதை இன்னும் சுவையானது. சிங்கப்பூர் ஆற்றில் தொங்காங் படகுகள் நெருக்கிக்கொண்டு நின்ற காலம். அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு பலகை மேல் நடந்து கிடங்குக்குப் போகும் ஒவ்வொரு ஆளுக்கும், மூட்டைக்கு ஒரு குச்சி. வேலை முடிந்ததும் குச்சிக் கணக்குக்குக் கூலி. 1983ல் படகுகளை பாசிர் பாஞ்சாங் பக்கம் அனுப்பிய பிறகு அந்தக் காட்சி போய்விட்டது.

எழுதப் படிக்கத் தெரியாத, நூறுக்கு மேல் எண்ணத் தெரியாத ஆட்கூட அந்தக் குச்சிக் கணக்கில் ஏமாற முடியாது. ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி, அவ்வளவுதான். எண்ணின் பெயர் தெரிவதற்கு முன்னால் இருக்கும் கணக்கு அது. இரண்டு வயதுப் பிள்ளை நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நாம் பெரும்பாலும் பிள்ளைக்குப் பெயரை முதலில் சொல்லிக்கொடுத்துவிட்டு, குச்சியைக் கொடுக்க மறந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள். பெரியவனுக்கு ஐந்து வயது நெருங்குகிறது, பாலர் பள்ளிக்குப் போகிறான். சின்னவளுக்கு இரண்டரை வயது, பகல் முழுக்க என்னோடும் என் மனைவியோடும். அவள் ஒன்றிலிருந்து இருபது வரை ஆங்கிலத்தில் ஒப்பிப்பாள், தமிழில் பத்து வரை ஒப்பிப்பாள். விருந்துக்கு வந்தவர்கள் கைதட்டுவார்கள். அவளிடம் "மூணு கரண்டி கொண்டா பாப்பா" என்று கேளுங்கள். இரண்டு கையும் கொள்ளாத அளவுக்கு அள்ளிக்கொண்டு வருவாள். குறை அவளிடம் இல்லை. அந்த வயதில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒப்பிப்பது பாட்டு மாதிரி; எண்ணுவது வேறு வேலை.

அந்த வேறு வேலையில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று ரோச்சல் கெல்மன், சார்ல்ஸ் கலிஸ்டல் என்ற இரு ஆய்வாளர்கள் 1978லேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். எண்களின் பெயரை எப்போதும் ஒரே வரிசையில் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான், ஒன்றையும் விடக்கூடாது, ஒன்றை இரண்டு தடவை தொடக்கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எந்தப் பொருளையும், ஏன், கதவைத் தட்டும் சத்தத்தைக்கூட எண்ணலாம். இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும் மொத்தம் மாறாது. துறைமுகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்ததும் இதேதான், வேறு வார்த்தைகளில்.

இதில் மூன்றாவது இருக்கிறதே, கடைசி எண்தான் மொத்தம் என்பது, அதுதான் பிள்ளைக்கு மிகவும் தாமதமாகப் பிடிபடுகிறது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சரியாக விரல் வைத்து எண்ணி முடிப்பாள். "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவாள். ஆய்வாளர்கள் "எனக்கு மூன்று கொடு" என்று கேட்டுப் பார்க்கும் எளிய சோதனை ஒன்று வைத்திருக்கிறார்கள். பிள்ளை முதலில் "ஒன்று" என்பதை மட்டும் சரியாகக் கொடுக்கும். இரண்டு கேட்டாலும் நான்கு கேட்டாலும் ஒரு கை அள்ளிக் கொடுக்கும். சில மாதம் கழித்து இரண்டு புரியும். அப்புறம் மூன்று. பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயது வாக்கில் திடீரென்று முழுச் சூட்சுமமும் பிடிபட்டுவிடும், அதன் பிறகு ஐந்தும் ஆறும் தானாக வரும். ஆகவே இரண்டரை வயதில் நான்கு தெரியவில்லை என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் தயவுசெய்து பயப்படாதீர்கள்.

பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பேரங்காடி ஒன்றில் இருக்கும் துணைப்பாட நிலையத்துக்கு என் மகள் சின்னவளை ஒரு மாதிரி வகுப்புக்கு அழைத்துப் போனாள், நானும் கூடப் போனேன். பெரிய '5' அச்சடித்த தாளைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். பிறகு பலகைக் கணினியில் ஐந்து மீனைத் தொடச் சொன்னார்கள். அவள் எங்கே தொட்டாலும் அது மணியடித்துப் பாராட்டியது. வீட்டில் இப்போதே கணக்கு ஆரம்பிக்காவிட்டால் தொடக்கப்பள்ளியில் பின்தங்கிவிடுவாள் என்று ஒரு பேச்சு வேறு. என் மகள் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். வேலைக்குப் போகும் இளம் தாய்மாரிடம் இப்படிப் பேசுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு '5' என்ற உருவம் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஐந்து பேருக்கு ஐந்து தட்டு வேண்டும் என்பது தெரிந்தால் அதில் எவ்வளவோ இருக்கிறது.

தட்டிலிருந்தே சொல்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பாய் விரித்ததும், எவர்சில்வர் தட்டு அடுக்கைச் சின்னவள் பக்கத்தில் வைத்துவிடுவோம். "அம்மாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு" என்று ஆள் முன்னால் ஒன்றாக வைத்துக்கொண்டே போவாள். யாருடைய முன்னால் தட்டு இல்லையோ அவர் "எனக்கு?" என்று கேட்க வேண்டும். எண் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கு ஒன்று என்பது உடம்பில் ஏற வேண்டும், அதுதான் முக்கியம். சில வாரங்களில் யாரும் கேட்காமலேயே, "ஆச்சிக்கு இல்ல" என்று அடுப்படிக்கு ஓடி இன்னொன்று எடுத்து வந்தாள். ஒன்று குறைகிறது என்று அவளே கண்டுபிடித்த அந்த நொடியில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரலுக்கு ஒருவராக அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஊட்டிவிட்டு, கடைசியில் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு எல்லாத் தமிழ் வீட்டிலும் உண்டு. அது என்ன? ஒரு விரலுக்கு ஓர் ஆள். ஒரு மூட்டைக்கு ஒரு குச்சி. நம் பாட்டிகள் யாரும் இதற்குக் கட்டணம் வாங்கியதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது அதிகம் ஓடும் விளையாட்டு இட்லித் தட்டு. கழுவித் துடைத்த தட்டு, நான்கு குழி. சின்ன ஆரஞ்சுப் பழங்களை ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தால் குழிக்கு ஒன்றாக வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். மூன்று பழம் கொடுத்தால் ஒரு குழி காலி. ஐந்து கொடுத்த அன்று நான்கையும் வைத்துவிட்டு ஐந்தாவதைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தட்டையே பார்த்தாள். அப்புறம், "தாத்தா, இதுக்கு வீடு இல்ல" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே அதை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். மிச்சம் என்றால் என்ன என்று எந்தத் திரையும் அவளுக்கு இதைவிட நன்றாகக் காட்டியிருக்க முடியாது என்று நான் நம்புகிறேன்.

பலகைக் கணினியிலும் விரலால் தொட்டுத்தானே எண்ணுகிறார்கள் என்று என் மருமகன் கேட்டார். நியாயமான கேள்விதான். கண்ணாடியில் ஒரு ஆரஞ்சைத் தொட்டாலும் மூன்று ஆரஞ்சைத் தொட்டாலும் விரலுக்கு ஒரே உணர்ச்சி. கையில் எடுத்தால் மூன்றுக்குக் கனம் வேறு, ஒரு கைக்குள் அடங்காது, ஒன்று நழுவி சோபாவுக்கு அடியில் உருண்டு போகும், குனிந்து தேட வேண்டும். தேடும்போதுதான் "ஒண்ணு எங்கே?" என்ற கேள்வி பிறக்கிறது. திரையில் எதுவும் காணாமல் போவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் திரையில் பார்ப்பதைவிட, நேரில் ஒருவர் செய்து காட்டும்போதுதான் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது.

சிங்கப்பூரிலேயே 2009ல் தொடங்கி, கருவிலிருந்து பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வரும் 'கஸ்டோ' ஆய்வு இருக்கிறது. அதன் தரவை வைத்து 2023ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த பிள்ளைகளின் மூளை அலைகளில் ஒன்றரை வயதில் வேறுபாடு தெரிந்தது. அவர்களுக்கு ஒன்பது வயதில் கவனத்தை நிலைநிறுத்துவது போன்ற திறன்கள் குறைவாக இருந்தன. திரை ஒன்றுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு என்று தள்ளிவிட முடியாது. நம் தீவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

ஜோடி சேர்ப்பதைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் பலர் அதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். இதுவும் அதுவும் ஒன்று, இது வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எண்ணவே முடியாது. கூடையில் எத்தனை வாழைப்பழம் என்று எண்ண, முதலில் வாழைப்பழம் எது, பக்கத்தில் கிடக்கும் கத்திரிக்காய் எது என்று தெரிய வேண்டும். துறைமுகத்தில் மூட்டையில் இருக்கும் முத்திரையைப் பார்த்துப் பிரித்த பிறகுதான் எண்ணுவோம். முத்திரை கலந்துவிட்டால் எண்ணிய கணக்குக்கு மதிப்பே இல்லை.

வீட்டு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும் நாள் சின்னவளுக்குக் கொண்டாட்டம். உறவினர்கள் வந்து போகும்போது, யாருடைய செருப்புக்கு எது ஜோடி என்று தேடிச் சேர்த்து வைப்பாள். அண்ணனின் பள்ளிக் காலணி இரண்டும் வெள்ளை, தாத்தாவின் செருப்பு இரண்டும் பழுப்பு, அது சுலபம். அம்மாவின் கறுப்புக் காலணி இரண்டு வகை இருக்கிறது. அங்கே நிறம் உதவாது. குதிகாலைப் பார்க்க வேண்டும். முதலில் தவறாகச் சேர்த்தாள். "தப்பு" என்று சொல்லாமல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தேன். ஒன்று உயரமாக நின்றது. அவளே மாற்றிக்கொண்டாள். காய்ந்த துணி மடிக்கும்போது காலுறையும் இப்படித்தான். டப்பாக்களும் மூடிகளும் இன்னொரு பொக்கிஷம். ஒன்றுக்குள் ஒன்று போகும் எவர்சில்வர் டப்பா அடுக்கு இருந்தால் பெரியது, சின்னது, நடுவானது எல்லாம் அதிலேயே வந்துவிடும், மூடி பொருந்தவில்லை என்றால் டப்பாவே சொல்லிவிடும். நாம் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

என் மனைவி தைத்த பைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவள் கோபித்துக்கொள்வாள். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அஞ்சாங்கல் என்றதும் கல் ஞாபகத்துக்கு வராது, பச்சைப்பயறோ அரிசியோ நிரப்பித் தைத்த குட்டித் துணிப் பைகள்தான் ஞாபகம் வரும். அதையே உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக, இரட்டைத் தையல் போட்டு, ஜோடி ஜோடியாகத் தைத்தாள். பட்டுத் துணியில் இரண்டு, துவாலைத் துணியில் இரண்டு, பழைய பருத்திச் சேலையில் இரண்டு, ஜீன்ஸ் துணியில் இரண்டு. ஒன்றைப் பேத்தி கையில் கொடுத்து, மற்றவற்றைத் தலையணை உறைக்குள் போட்டுவிடுவாள். உள்ளே கையை விட்டு, பார்க்காமல், தடவியே ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். பட்டும் துவாலையும் சுலபம். பருத்திக்கும் ஜீன்ஸுக்கும் பிள்ளை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசிப்பாள். அந்த யோசனை நேரத்தில் பெரியவர்கள் அவசரப்பட்டு வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இந்த விளையாட்டிலேயே கடினமான பகுதி.

இன்னொன்று செலவே இல்லாதது. அஞ்சல் பெட்டியில் வந்து விழும் பேரங்காடி விளம்பரத் தாள்களில் ஒரே மாதிரி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழம், மீன், பால் புட்டி என்று படங்களை வெட்டி, பழைய அட்டைப் பெட்டியில் ஒட்டினால் ஜோடிப் படங்கள் தயார். முதலில் உண்மையான வாழைப்பழத்தையும் வாழைப்பழப் படத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். படமும் படமும் அதற்குப் பிறகு. தொடக்கத்தில் இரண்டு ஜோடி போதும். எட்டு ஜோடியைப் பரப்பி வைத்தால் பிள்ளை எழுந்து போய்விடும், நாம் பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம்.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை எதையும் வாயில் போடும். புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு, கடலை, பட்டாணி எதுவும் வேண்டாம். பூங்காக்களில் மரத்தடியில் கொட்டிக் கிடக்கும் சிவப்புச் சாகா விதைகள் எண்ணுவதற்கு எவ்வளவு ஆசையாக இருந்தாலும் வேண்டாம். குன்றிமணி கொடிய விஷம், அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். கழிப்பறைத் தாள் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழாய் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்கிவிடும் உருண்டையான பொருள் எதுவும் சிறு பிள்ளைக்கு ஆகாது. எலுமிச்சையில் பெரிதாகப் பார்த்து எடுங்கள். கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை நழுவிவிடும், பிங்பாங் பந்துகூடப் பெரும்பாலும் நழுவிவிடும். பேசும் பொம்மைகளில் இருக்கும் பொத்தான் மின்கலம் எல்லாவற்றையும்விட மோசம். விழுங்கினால் தொண்டையைச் சுட்டுவிடும். எது கொடுத்தாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க வேண்டும். பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துவிட்டு வேலை பார்க்க இவை உதவாது.

பெரியவனுக்கு வேறு விளையாட்டு. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது நம்மில் பலருக்குத் தெரியாது. போர்க்காலம் முழுவதும் இந்தியாவில்தான் இருந்தார். அவர் முறையில் ஒரு பெட்டி இருக்கிறது: சுழியிலிருந்து ஒன்பது வரை எண் எழுதிய பத்து அறைகள், மொத்தம் 45 குச்சிகள். ஒவ்வோர் அறையிலும் அந்த எண்ணுக்குரிய குச்சியைப் போட வேண்டும். சரியாகப் போட்டால் ஒன்றும் மிஞ்சாது, எங்காவது பிசகியிருந்தால் கடைசி அறையில் தெரிந்துவிடும். நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் இதைப் பார்த்தபோது எனக்கு ஆற்றங்கரைக் குச்சிகள்தான் கண்ணுக்குள் வந்தன. அட்டைப் பெட்டியில் தடுப்பு வைத்து, ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொண்டு ஒன்று செய்து கொடுத்தேன். சுழி எழுதிய அறையில் எதைப் போடுவது என்று அவன் தடுமாறினான். "ஒண்ணும் இல்லன்னா, ஏன் அதுக்கு ஒரு ரூம்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பதிலை அவனிடமே விட்டுவிட்டேன்.

அவனிடம் இன்னொன்றும் பார்த்தேன். ஐந்து பிஸ்கட்டை நெருக்கமாக ஒரு வரிசையிலும், ஐந்து பிஸ்கட்டைத் தள்ளித் தள்ளி இன்னொரு வரிசையிலும் வைத்தால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று அடம்பிடிக்கிறான். எண்ணிப் பார்த்து இரண்டும் ஐந்து என்று சொன்ன பிறகும் அதுதான் வேண்டுமாம். சுவிட்சர்லாந்து ஆய்வாளர் பியாஜே இதை வெகுகாலத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்; ஆறு ஏழு வயது வாக்கில் தானாகத் தெளியும். அடித்துத் திருத்த வேண்டிய விஷயம் இல்லை.

எங்கள் மாடியில் இருக்கும் மலாய் அம்மா ஒருவர், பிள்ளைகள் 'மக்சிக்' என்று கூப்பிடுவார்கள், சில மாலைகளில் தன் பழைய சொங்காக் பலகையைக் கீழே கொண்டு வருவார். பக்கத்துக்கு ஏழு குழி, இரண்டு முனையிலும் ஒரு பெரிய குழி. நம் பல்லாங்குழிக்குச் சொந்தக்காரப் பலகை. அவர் பேரனும் என் பேரனும் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது ஒருவன் மலாயில் எண்ணுகிறான், ஒருவன் தமிழில் எண்ணுகிறான், இருவரும் ஒரே குழியில் வந்து முடிக்கிறார்கள். சின்னவளை அந்தச் சோழிகள் பக்கம் விடுவதில்லை. அவள் என் மடியில் உட்கார்ந்து பார்ப்பாள்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளை பாலர் பள்ளிக்குள் போனதும் கணக்கு ஆங்கிலத்தில் வந்துவிடும், அதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டாம். அதற்கு முந்தைய இந்த இரண்டு மூன்று ஆண்டு நம் கையில் இருக்கிறது. இன்னும் ஒண்ணு, போதும், மிச்சம், ஜோடி, பெரிசு, அதுக்குள்ளே, அடியிலே, ஆளுக்கு ஒண்ணு என்று நாள் முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டே விளையாடினால், தமிழ் பாடமாக வருவதற்கு முன்பே அவர்கள் கையோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு உதவ வந்திருக்கும் பணிப்பெண் வேறு நாட்டவராக இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டில் இந்தோனீசியப் பணிப்பெண்ணும் பிள்ளையும் சேர்ந்தே தமிழில் பத்து வரை கற்றுக்கொண்டார்கள். தஞ்சாவூரில் இருக்கும் என் தங்கையோடு காணொளியில் பேசும்போது, அவள் விரலை நீட்டுவாள், பேத்தி அதே அளவு விரலை நீட்டுவாள். திரைக்கு எங்கள் வீட்டில் இருக்கும் நல்ல வேலை அது.

தேக்கா சந்தைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். கூட்டம் இல்லாத வார நாள் காலையாகப் பாருங்கள். "ரெண்டு தேங்காய் எடு", "அதே மாதிரி இன்னொரு கத்திரிக்காய் கண்டுபிடி" என்று சொன்னால், காய்கறிக் கடைக்காரர்கள் பொறுமையாக நிற்பார்கள். என் அனுபவத்தில் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

இந்தக் கடிதத்தின் மூலம் இரண்டு வேண்டுகோள். நூலகங்களிலும் சமூக மன்றங்களிலும் தமிழில் கதை சொல்லும் நேரங்கள் நடக்கின்றன, மகிழ்ச்சி. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று, தாத்தா பாட்டியோடு வந்து தரையில் உட்கார்ந்து, துணிப் பை, டப்பா, மூடி என்று பொருளைக் கையில் எடுத்துத் தமிழில் விளையாடும் நேரங்களும் இன்னும் நிறைய வர வேண்டும். வார நாள் காலையில் வைத்தால் எங்களைப் போன்றவர்கள் வருவோம். சனிக்கிழமை மட்டும் வைத்தால் இடம் கிடைப்பதில்லை. பிள்ளையைக் கூட்டி வரும் முதியவர்களுக்கு முழங்கால் வலி இருக்கும் என்பதால் சில தாழ்ந்த நாற்காலிகளும் வேண்டும்.

இரண்டாவது வேண்டுகோள் ஆசிரியர் அவர்களுக்கே. வாரத்துக்கு ஒரு முறை, நாளிதழின் ஒரு மூலையில், ஒரே படத்தை இரண்டு முறை பெரிதாக அச்சிட முடியுமா? மாங்காய் இரண்டு, குடை இரண்டு, எம்ஆர்டி ரயில் இரண்டு என்று ஒரு வாரத்துக்கு மூன்று ஜோடி இருந்தால் போதும். சிறு விரல்கள் பிடிக்கும் அளவுக்கு, குறைந்தது உள்ளங்கை அகலத்துக்கு இருக்க வேண்டும். படத்துக்குப் பின்பக்கம் முக்கியமான செய்தி எதுவும் வராமல் பார்த்துக்கொண்டால், படிக்க வேண்டிய பகுதி போய்விட்டதே என்று வீட்டில் யாரும் சண்டை போட மாட்டார்கள். வெட்டி ஒட்டும் வேலையைத் தாத்தா பாட்டிகள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
ஈசூன்